மூன்றாம் நாளில் ரோஸ் மில்க் நிறமாகிவிட்ட வெள்ளை எழுத்து: எந்த வெள்ளை மை வாங்குவது?

குகைப் பட்டறை | ஞாயிறு, இரவு 9.20

சேலம் குகையில் நான்கு கைகள் கொண்ட அச்சு மேசை ஒன்றை வைத்துக்கொண்டு ஒன்றரை ஆண்டாக ஸ்கிரீன் வலை வழியாக மையை இழுத்து டி-ஷர்ட் அச்சடித்து வருகிறேன். மேசை, பூச்சுகளுக்கு இடையில் மையை இறுக்கும் ஒரு ஃபிளாஷ் விளக்கு, ஒரு ஹீட் பிரஸ், அவ்வளவுதான் பட்டறை. இதுவரை வெள்ளைத் துணியில் கறுப்பு, மஞ்சள் துணியில் சிவப்பு என்றுதான் வேலை வந்தது. வெள்ளை மையைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக்கு எங்கள் தெரு இளைஞர்கள் 180 சிவப்பு பனியன் கேட்டார்கள். முதுகில் வெள்ளை எழுத்து. துணியை அவர்களே வாங்கி வந்தார்கள். விளையாட்டு வீரர்கள் போடுவார்களே, வழுவழுவென்று, ஊசித் துளைகளோடு, அந்த வகை. சூட்டில் வெந்து இறுகும் பிளாஸ்டிசால் மையின் வெள்ளையில் இரண்டு இழுப்பு, பிரஸ்ஸில் 175 டிகிரி. மை வேகாமல் போய்விடக் கூடாதே என்று சூட்டைக் கொஞ்சம் கூட்டியே வைத்தேன். அன்றைக்கு எழுத்து மல்லிகைப் பூவாக இருந்தது. சூடு ஆறுவதற்குள் மூட்டை கட்டிக் கொடுத்தும் விட்டேன்.

மூன்றாம் நாள் மூட்டையைப் பிரித்தவர்கள் படம் அனுப்பினார்கள். எழுத்து முழுக்க ரோஸ் மில்க் நிறம். பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை என்பது தனிக் கதை.

மை விற்ற கடையில் கேட்டால், "மட்டமான வெள்ளை வாங்கினால் இப்படித்தான்" என்று நான்கு டப்பாக்களை எடுத்து வைக்கிறார்கள்: சாதாரண பிளாஸ்டிசால் வெள்ளை, 'லோ பிளீட்' (துணியின் சாயம் அதிகம் ஏறாதது) என்று எழுதிய பிளாஸ்டிசால், தண்ணீர் மை வகையில் காதி வெள்ளை, ரப்பர் வெள்ளை. எல்லாத் துணிக்கும் ஆகிற மாதிரி ஒரே வெள்ளை வாங்குவதென்றால் எதை வாங்குவது?

---

செவ்வாய்ப்பேட்டை பழைய சட்டம் | ஞாயிறு, இரவு 10.05

மையைக் கேட்பதற்கு முன்னால் துணியைக் கேட்டிருக்க வேண்டும் தம்பி. ஒரு நூலைப் பிரித்துத் தீக்குச்சியில் காட்டினீர்களா? பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாடை வரும், சாம்பல் உதிரும். பாலியஸ்டர் என்றால் உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகும். நீங்கள் சொல்லும் துணி முழுப் பாலியஸ்டர். அதில் 175 டிகிரி வைத்தேன் என்று பெருமையாக வேறு எழுதுகிறீர்கள்.

மை மட்டமாக இருந்திருக்கலாம். ஆனால் உங்கள் 180 பனியனைக் கெடுத்தது அது இல்லை.

---

திருப்பூர்க் கலவை | ஞாயிறு, இரவு 11.30

சொந்த ஊர் ஆத்தூர், திருப்பூர் அச்சுப் பிரிவு ஒன்றில் மை கலக்கும் வேலை. பழைய சட்டம் ஐயா சொன்னதன் காரணத்தை எழுதுகிறேன். இது புரியாவிட்டால் அடுத்த ஆடிக்கும் ரோஸ் மில்க்தான்.

பாலியஸ்டருக்கு ஏற்றுவது டிஸ்பர்ஸ் வகைச் சாயம். பருத்தியின் ரியாக்டிவ் சாயம் இழையோடு வேதிப் பிணைப்பில் நிற்கிறது, இதற்கு அப்படி எதுவும் கிடையாது. மூடிய கலத்தில், அழுத்தத்தோடு, 130 டிகிரி வாக்கில் இழையை நெகிழவைத்து உள்ளே நுழைக்கிறார்கள். குளிர்ந்ததும் இழை இறுகிச் சாயம் உள்ளே மாட்டிக்கொள்கிறது. சூட்டில் உள்ளே போனது சூட்டில் வெளியேயும் வரும். நீங்கள் 175-ல் அழுத்தியபோது கதவைத் திறந்துவிட்டீர்கள்.

வெளியே வந்த சாயம் ஏன் மைக்குள் போனது? பிளாஸ்டிசால் என்பது பிவிசி தூளும் அதை இளக்கும் எண்ணெய் போன்ற ஒரு திரவமும். அந்த இளக்கிக்கு டிஸ்பர்ஸ் சாயத்தைக் கரைத்து இழுத்துக்கொள்ளும் குணம் உண்டு. மை வெந்து கெட்டியான பிறகும் இளக்கி உள்ளேயேதான் இருக்கிறது. அதனால்தான் அன்றைக்கு மல்லிகை, மூன்றாம் நாள் ரோஸ் மில்க். சூட்டோடு மூட்டை கட்டியது, அடுப்பை அணைத்த பிறகும் பாத்திரத்தை மூடி வைத்த மாதிரி.

சிவப்பும் மெரூனும் இதில் முதல் எதிரிகள், நேவி அடுத்தது. சூட்டில் சாயத்தை ஆவியாக்கி ஏற்றும் சப்ளிமேஷன் முறையில் அச்சடித்த ஜெர்சி துணியில் வெள்ளை அடிக்கச் சொன்னால் நான் முதலில் மறுத்துப் பார்ப்பேன்.

வழி மூன்று, மூன்றும் சேர்ந்தால்தான் வேலைக்கு ஆகும். ஒன்று, 160-ல் வேகிற சாதாரண பிளாஸ்டிசால் வேண்டாம். 130, 135 டிகிரியிலேயே வேகும்படி செய்த லோ பிளீட் வெள்ளை வாங்குங்கள். இரண்டு, அடியில் சாம்பல் நிறத் தடுப்பு மை ஒரு பூச்சு. அதில் உள்ள கரித்தூள் மேலேறி வரும் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று, பிரஸ்ஸிலிருந்து எடுத்ததும் கொடியில் தொங்கவிடுங்கள். அடுக்காதீர்கள்.

---

குகைப் பட்டறை | திங்கள், காலை 6.45

அண்ணா, தூக்கமே வரவில்லை. ஒரே கேள்வி. லோ பிளீட் வெள்ளை பாலியஸ்டரையே தாங்கும் என்றால் பருத்திக்கும் அதையே போட்டுவிடலாமே? ஒரே டப்பாவில் வேலை முடியும்.

---

செவ்வாய்ப்பேட்டை பழைய சட்டம் | திங்கள், காலை 7.10

நானும் ஒரு காலத்தில் இப்படித்தான் கணக்குப் போட்டேன். காக்கி நிறப் பருத்தி, 60 உருப்படி. லோ பிளீட் வெள்ளைதானே நல்லது, விலையும் கூட, அதையே அடிப்போம் என்று அடித்துச் சூட்டோடு அடுக்கிவிட்டேன். மறுநாள் எடுத்தால் ஒவ்வொரு சட்டையின் மார்பிலும், கீழே இருந்த சட்டையின் முதுகு எழுத்து மங்கலாக வெளுத்து விழுந்திருக்கிறது. மை ஒட்டவில்லை, துணியின் சாயம்தான் அந்த வடிவத்தில் வெளுத்துவிட்டது. பையன்கள் பேய் அச்சு என்று பெயர் வைத்தார்கள்.

சாயத்தை அடக்க அந்த மைகள் சிலவற்றில் வெளுப்பான் சேர்க்கிறார்கள். சூட்டில் அது ஆவியாகிப் பக்கத்துத் துணியின் சாயத்தையும் தின்கிறது. எல்லா லோ பிளீட் மையும் இப்படிச் செய்யாது. எது செய்யும் என்பது டப்பாவின் மேல் எழுதியிருக்காது. பருத்திக்குப் பருத்தி வெள்ளை, பாலியஸ்டருக்குப் பாலியஸ்டர் வெள்ளை. இரண்டு டப்பா வாங்குகிற காசு 60 சட்டையின் காசைவிடக் குறைவுதான்.

---

அயோத்தியாப்பட்டணம் புதியவன் | திங்கள், காலை 9.15

180 பனியன்கள் என்ன ஆயின? மேலேயே இன்னொரு வெள்ளை அடித்துச் சரிசெய்ய முடியாதா?

---

குகைப் பட்டறை | திங்கள், காலை 9.40

ஆறு பனியனில் அடித்துப் பார்த்தேன். நான்கு நாளில் அதுவும் ரோஜா. கடைசியில் எழுத்தின் மேல் கறுப்பு அடித்துக் கொடுத்தேன். சிவப்பில் கறுப்பு எடுப்பாகத்தான் இருக்கிறது என்று பையன்கள் சமாதானமானார்கள். ஒருவர் மட்டும், "அம்மனுக்கு எதற்கடா கறுப்பு?" என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.

---

வெள்ளைக்கல் | திங்கள், பிற்பகல் 3.30

நான் துணிக்காரன் இல்லை. சாக் ஹில்ஸ் பக்கம் வெள்ளைக்கல் (மேக்னசைட்) ஆய்வகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பேரன் இந்த உரையாடலைக் காட்டினான். பாலியஸ்டர் விவகாரம் எனக்குத் தெரியாது. ஆனால் 'மட்டமான வெள்ளை' என்ற சொல் அடிபடுவதால் கொஞ்சம் பேசலாம் என்று வந்தேன்.

வெள்ளைக்கல்லை அரைத்த மாவை வெயிலில் பார்த்தால் கண் கூசும். அதே மாவில் நான்கு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுக் குழைத்துப் பாருங்கள். வெள்ளை எங்கே போயிற்று என்று தேட வேண்டும், அழுக்குச் சாம்பலாக நிற்கும். சாக்பீஸ் தூளிலும் இதைச் செய்து பார்க்கலாம். வெள்ளை என்பது தூளுக்குள் இருக்கும் நிறம் இல்லை. தூளும் அதைச் சூழ்ந்திருக்கும் பொருளும் ஒளியை எவ்வளவு வேறுபாட்டோடு வளைக்கின்றன என்பதில் பிறப்பது. காற்றின் ஒளிவிலகல் எண் 1, சுண்ணாம்புத் தூளுக்கு ஏறத்தாழ 1.6. எண்ணெய்க்கும், உங்கள் மையில் தூளைத் துணியோடு பிணைக்கும் பைண்டருக்கும் 1.5 வாக்கில். காற்றில் இருக்கும்வரை சுண்ணாம்புத் தூள் பளீர் என்றிருக்கிறது, பைண்டருக்குள் போனதும் வேறுபாடு கரைந்து கண்ணாடி போல் ஆகிவிடுகிறது.

டைட்டானியம் டை ஆக்சைடில் ரூட்டைல் வகைக்கு அந்த எண் 2.7. அனடேஸ் வகைக்கு 2.5. பைண்டருக்குள் மூழ்கினாலும் ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பும். கறுப்புத் துணியை மறைக்கிற வேலையைச் செய்வது அதுதான். விலையைக் குறைக்க விரும்புகிறவர்கள் அதைக் குறைத்துச் சுண்ணாம்புத் தூளைக் கூட்டுகிறார்கள். டப்பாவில் பார்க்கும்போது இரண்டும் ஒரே வெள்ளை. துணியில் இழுத்தால்தான் சாயம் வெளுக்கும்.

ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். இந்த வெள்ளைக்கு மூலமான இல்மனைட் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கிறது. அது கறுப்பு மணல்.

கடையில் எளிய சோதனை: டப்பாவைத் தூக்கிப் பாருங்கள். சுண்ணாம்பின் அடர்த்தி 2.7, டைட்டானியம் டை ஆக்சைடுக்கு 4.2. கனமான டப்பாவில் சரக்கு இருக்கும்.

---

திருப்பூர்க் கலவை | திங்கள், மாலை 6.00

அருமை ஐயா, ஆனால் கடைசி வரியை மட்டும் திருத்த அனுமதியுங்கள். எடையை நம்பி நான் ஏமாந்திருக்கிறேன். பாரைட் தூள் கலந்தால் டப்பா இன்னும் கனக்கும், அதன் அடர்த்தி 4.5 வாக்கில். மறைக்கும் திறனோ சுண்ணாம்புக்கு அண்ணன் தம்பி. ஆந்திராவின் மங்கம்பேட்டையில் மலைபோல் கிடைக்கிற சரக்கு, விலையும் குறைவு.

---

வெள்ளைக்கல் | திங்கள், மாலை 6.25

பாரைட்டை மறந்துவிட்டேன். ஒளிவிலகல் எண் 1.64. ஒப்புக்கொள்கிறேன், தூக்கிப் பார்க்க வேண்டாம்.

---

செவ்வாய்ப்பேட்டை பழைய சட்டம் | திங்கள், மாலை 7.00

தூக்கவும் வேண்டாம், டப்பாவைத் திறந்து வாய் பிளக்கவும் வேண்டாம். கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் நீலம் பாய்ந்த மாதிரி மின்னுகிற வெள்ளைகள் இருக்கின்றன. வேட்டிக்குச் சொட்டு நீலம் போடுகிற அதே தந்திரம்தான். கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும், கறுப்பை மறைக்காது. பளிச்சும் மறைப்பும் வேறு வேறு என்பது தெரியாமல் நான் தொலைத்த காசில் இன்னொரு மேசை வாங்கியிருக்கலாம்.

கறுப்புத் துணித் துண்டு ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கடையிலும் நூறு கிராம் மாதிரி கேளுங்கள், தராத கடையில் வாங்காதீர்கள். ஒரே ஸ்கிரீன், ஒரே கை, ஒரே அழுத்தம். இடப் பக்கம் ஓர் இழுப்பு, வலப் பக்கம் ஃபிளாஷ் அடித்து இரண்டு இழுப்பு. வேகவைத்து, ஐந்து முறை துவைத்து, வெயிலில் நின்று பாருங்கள். மாதிரிக்குப் பின்னால் பெயரைப் பேனாவால் எழுதி வையுங்கள். மறந்துபோகும்.

---

மூடுபனித் திரை | செவ்வாய், காலை 10.10

நீங்கள் எல்லாரும் பிளாஸ்டிசாலைச் சுற்றியே வருகிறீர்கள். ஏற்காட்டில் சுற்றுலா வருகிறவர்களுக்கு டி-ஷர்ட்டும், காப்பிக்கொட்டை போடத் துணிப் பைகளும் அச்சடித்து விற்கிறேன். முழுக்கப் பருத்தி, முழுக்கத் தண்ணீர் மை. கோடை விழா நாட்களில் கறுப்புச் சட்டையில் வெள்ளைக் காட்டெருமைதான் அதிகம் போகிறது. சட்டையைத் தொட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். முதுகில் ரப்பர் தகடு ஒட்டிய மாதிரி இருந்தால் திருப்பி வைத்துவிடுகிறார்கள்.

தண்ணீர் மையில் குகைக்கும் ஏற்காட்டுக்கும் நேர் எதிர் தொல்லைகள். உங்கள் ஊரில் மை ஸ்கிரீனிலேயே காய்ந்துவிடும், எங்கள் ஊரில் துணியிலும் காயாது. சித்திரையில் ஒருமுறை கொண்டலாம்பட்டியில் தெரிந்தவர் பட்டறையில் அடித்தேன். பத்தாவது சட்டைக்குள் ஸ்கிரீனின் கண்கள் அடைத்துக்கொண்டு காட்டெருமைக்கு ஒரு கொம்பு போய்விட்டது. மையில் சிறிது கிளிசரின் கலந்து, ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் ஸ்கிரீன் முழுக்க மையைப் பரப்பி மூடிவைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் மீதியை முடித்தேன். மின்விசிறி இல்லாத கொண்டலாம்பட்டிச் சித்திரையை விவரிக்க எனக்குத் தமிழ் போதாது.

மேலே வேறு கதை. 1,500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், சீக்கிரம் காய்ந்துவிடுமே என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். ஆனால் மூடுபனி நாளில் பருத்தி காற்றிலிருந்தே ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கிறது. மையில் தண்ணீர் இருக்கும்வரை சூடு கொதிநிலையைத் தாண்டாது. முழுத் தண்ணீரும் போன பிறகுதான் 150-க்கு ஏறி பைண்டர் பிடிக்கும். இதை அறியாமல் ஒரு நிமிடம் அழுத்திவிட்டு வெந்துவிட்டது என்று எடுத்தால், முதல் துவையலில் காட்டெருமை கரைந்து பக்கெட்டுக்குள் போய்விடும்.

என் முறை: அடிப்பதற்கு முன் வெறும் சட்டையை ஐந்து விநாடி பிரஸ்ஸில் அழுத்தி ஈரத்தை விரட்டுகிறேன். அடித்த பிறகு பிரஸ்ஸை மூடாமல் ஒரு விரல் உயரத்தில் நிறுத்தி ஆவி அடங்கும்வரை காத்திருக்கிறேன். அதன் பிறகு 150-ல் இரண்டரை நிமிடம்.

---

செவ்வாய்ப்பேட்டை பழைய சட்டம் | செவ்வாய், பகல் 12.00

காதி வெள்ளையா? அப்பளம். மடித்தால் நொறுங்கும்.

---

மூடுபனித் திரை | செவ்வாய், பகல் 12.20

ஐயா, நீங்கள் அடித்த காதி எந்தக் காலத்தது என்று கேட்டால் கோபப்படுவீர்களா? வெள்ளைத் தூளை அள்ளிப் போட்டு, பைண்டரில் கஞ்சத்தனம் செய்தால் அப்பளம்தான். பனியன் துணி இழுபடும், அதற்கு இழுபடும் பைண்டர் வேண்டும். ரப்பர் வெள்ளை என்று விற்பதும் தண்ணீர் மைதான். இரண்டையும் கலந்து அடிக்கிறேன். மூன்று ஆண்டு ஆன சட்டையை நானே போட்டுக்கொண்டிருக்கிறேன், ஏற்காட்டுக்கு வந்தால் இழுத்துப் பார்க்கலாம்.

தண்ணீர் மையின் உண்மையான குறை வேறு. துவைக்கத் துவைக்கக் கறுப்பு இழைகள் வெள்ளைக்குள்ளிருந்து முளைத்து வரும். தலை நரைப்பதற்குத் தலைகீழ். பயோவாஷ் (நொதிக் கழுவல்) செய்த, இழைமுடி குறைந்த துணி வாங்கினால் முக்கால்வாசி தீரும். முதல் பூச்சு காய்ந்ததும் ஒட்டாத தாளை வைத்து ஓர் அழுத்து அழுத்திவிட்டு இரண்டாவதை அடித்தால் மீதியும் அடங்கும்.

---

அயோத்தியாப்பட்டணம் புதியவன் | செவ்வாய், பிற்பகல் 2.45

வெள்ளை மையே இல்லாமல் துணியின் கறுப்பை எடுத்துவிட்டு வெள்ளை ஆக்கலாம் என்கிறார்களே, அது எப்படி?

---

திருப்பூர்க் கலவை | செவ்வாய், இரவு 9.50

டிஸ்சார்ஜ். பேஸ்ட்டில் நூற்றுக்கு ஆறு வாக்கில் துத்தநாக ஃபார்மால்டிஹைடு சல்ஃபாக்சிலேட் தூளைக் கலந்து அடிப்போம். சூடும் ஆவியும் பட்டதும் ரியாக்டிவ் சாயத்தை உடைத்துவிடும். கையால் தடவினால் அச்சு இருப்பதே தெரியாது, அவ்வளவு மென்மை. ஆனால் சாயம் போன இடத்தில் தெரிவது சாயமிடுவதற்கு முன்பிருந்த துணி. பெரும்பாலும் இளமஞ்சள், சில கறுப்புகள் செம்பழுப்பாக நின்றுவிடும். பளிச்சென்று வேண்டுமென்றால் பேஸ்ட்டில் வெள்ளையும் சேர்க்க வேண்டும். டர்க்காய்ஸ் நீலம் கலந்த சாயம் அசையவே அசையாது. பாலியஸ்டரில் வேலையே செய்யாது. கலந்த பேஸ்ட்டை அன்றைக்குள் முடிக்க வேண்டும், மறுநாள் அதில் வீரியம் இருக்காது.

வாடை அழுகிய முட்டை போல இருக்கும், வேகும்போது ஃபார்மால்டிஹைடும் வரும். காற்றுப்போக்கு இல்லாத அறையில் செய்யாதீர்கள். துவைக்காமல் விற்கவும் கூடாது. ஏற்காடு அக்கா மழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு இதைச் செய்தால் நான்தான் முதலில் திட்டுவேன்.

---

ஜலகண்டாபுரம் தறி | புதன், காலை 8.00

நம் தறியில் ஓடிய காவித் துண்டில் வெள்ளை அச்சு கேட்டு ஓர் ஆர்டர். பட்டறைக்காரர் நல்ல வெள்ளைதான் போட்டார், வேகவும் வைத்தார். இரண்டே துவையலில் செதில் செதிலாக உரிந்துவிட்டது. தறியில் குறை என்று என்னிடம் சண்டை. சாயம் போகவில்லை, நூல் கெடவில்லை. யார்மேல் தப்பு?

---

செவ்வாய்ப்பேட்டை பழைய சட்டம் | புதன், காலை 8.30

பாவுக்குப் போட்ட கஞ்சி போகத் துவைத்துக் கொடுத்தீர்களா?

---

ஜலகண்டாபுரம் தறி | புதன், காலை 8.35

தறியிலிருந்து மடித்துக் கொடுத்தேன். விறைப்பாக இருந்தால்தானே துண்டுக்கு அழகு.

---

செவ்வாய்ப்பேட்டை பழைய சட்டம் | புதன், காலை 8.50

மை நூலில் ஒட்டவில்லை, கஞ்சியில் ஒட்டியிருக்கிறது. துவைத்ததும் கஞ்சி கரைந்தது, மையையும் கூட்டிக்கொண்டு போயிற்று. மரவள்ளி மாவுக்கும் ஜவ்வரிசிக்கும் பேர்போன ஊரில் இருந்துகொண்டு கஞ்சி தண்ணீரில் கரையும் என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது. தப்பு இருவர்மேலும்தான். ஒரு சொட்டுத் தண்ணீரைத் துணியில் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சினால் அடிக்கலாம். முத்தாக நின்றால் துவைத்து வர அனுப்புங்கள்.

---

திருப்பூர்க் கலவை | புதன், இரவு 10.15

எல்லாரும் விட்டுவிட்ட ஒன்று. குகைத் தம்பி, குழந்தைத் துணி அடிப்பீர்களா? பிளாஸ்டிசாலின் இளக்கியாகத் தாலேட் என்ற ரசாயனம் போட்ட பழைய சரக்கு இன்னும் மூலைமுடுக்குகளில் கிடைக்கிறது. அமெரிக்காவில் 2008-ல் வந்த சட்டம் குழந்தைகளுக்கான பொருட்களில் குறிப்பிட்ட தாலேட்டுகளுக்கு 0.1 சதவீதம் என்று எல்லை வைத்தது. ஐரோப்பாவிலும் கட்டுப்பாடு உண்டு. நீங்கள் ஏற்றுமதி செய்யாவிட்டாலும், திருப்பூரிலிருந்து யாராவது துணை வேலை கொடுத்தால் முதலில் கேட்பது மையின் சோதனைத் தாளைத்தான். தாலேட் இல்லாதது என்று கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது, தாளைக் கேளுங்கள்.

---

மூடுபனித் திரை | வியாழன், காலை 7.30

தாள் இருக்கட்டும், ஸ்கிரீனை எங்கே கழுவுகிறீர்கள் என்பதையும் கேளுங்கள். மண்ணெண்ணெயில் பிளாஸ்டிசாலைத் துடைத்துச் சாக்கடையில் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் மலையிலிருந்து இறங்கும் திருமணிமுத்தாறு உங்கள் ஊருக்குள் வந்ததும் என்ன நிறத்தில் ஓடுகிறது என்று எல்லாருக்கும் தெரியும். மீந்த பிளாஸ்டிசால் கெடுவதில்லை, காற்றில் காய்வதும் இல்லை. வழித்து டப்பாவில் போடுவதற்கு என்ன சோம்பல்?

---

செவ்வாய்ப்பேட்டை பழைய சட்டம் | வியாழன், காலை 8.00

இதில் அம்மா சொல்வது சரி. காதியில் மட்டும் இல்லை.

---

குகைப் பட்டறை | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 5.30

எல்லாருக்கும் நன்றி. சொன்னபடி செய்தேன். நான்கு கடையில் மாதிரி கேட்டேன், இரண்டு கடைதான் தந்தது. மொத்தம் ஏழு வெள்ளை. கறுப்புப் பருத்தி, சிவப்புப் பாலியஸ்டர் இரண்டிலும் அடித்து, பின்னால் பெயர் எழுதி, துவைத்து, மாடியில் கொடி கட்டித் தொங்கவிட்டேன். ஏதோ விசேஷம் என்று பக்கத்து வீட்டார் விசாரித்தார்கள்.

சிவப்புப் பாலியஸ்டரில் சாதாரண பிளாஸ்டிசால் 160-ல் இரண்டாம் நாளே ரோஜா. லோ பிளீட் மட்டும் தனியாக 135-ல் அடித்தது ஒரு வாரம் தாங்கி, பிறகு ஓரங்களில் லேசாக மாறியது. அடியில் சாம்பல் பூசி மேலே லோ பிளீட் அடித்தது பன்னிரண்டு நாளாகியும் வெள்ளையாகவே இருக்கிறது. சாம்பல் கொஞ்சம் எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக மேல் வெள்ளையின் எழுத்தை ஒரு நூல் அகலம் கூட்டி வெட்ட வேண்டியிருந்தது.

கறுப்புப் பருத்தியில் எனக்கே ஆச்சரியம். விலை கூடிய இரண்டு டப்பாவில் ஒன்று ஒரே இழுப்பில் பாதிகூட மறைக்கவில்லை. நடுத்தர விலையில் வாங்கியதுதான் இரண்டு இழுப்பில் சுவரில் வெள்ளையடித்த மாதிரி மறைத்தது. ரப்பர் வெள்ளையும் காதியும் கலந்து அக்கா சொன்னபடி அடித்ததையும் துவைத்துப் பார்த்தேன், கையில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என் பட்டறை தகரக் கூரை. காலை ஒன்பதுக்கு மேல் தண்ணீர் மையோடு மல்லுக்கட்ட என்னால் முடியவில்லை. ஆகப் பருத்திக்கு ஒன்று, பாலியஸ்டருக்கு ஒன்று, கூடவே சாம்பல் என்று மூன்று டப்பா வாங்கினேன். ஆர்டர் எடுக்கும்போதே ஒரு நூலை எரித்துப் பார்க்கிறேன். துணி கொடுக்க வந்தவர்கள் சூனியம் வைக்கிறேனோ என்று பார்க்கிறார்கள்.

ஒரு புதுத் தொல்லை. சில சட்டைகளில் மேல் வெள்ளை கீழ் வெள்ளையை விட்டுத் தோலாக உரிகிறது. நகத்தால் கிளப்பினால் முழு எழுத்தாகவே வந்துவிடுகிறது.

---

திருப்பூர்க் கலவை | ஞாயிறு, இரவு 8.40

ஃபிளாஷை அதிகம் காட்டுகிறீர்கள். அடிப் பூச்சு விரலில் ஒட்டாமல் இறுகினால் போதும், முழுக்க வேகவைத்துவிட்டால் மேல் பூச்சுக்குப் பிடிமானம் இருக்காது. வெள்ளை சூட்டைத் திருப்பி அனுப்பும், கறுப்பைவிடத் தாமதமாகத்தான் இறுகும். அதைப் பார்த்துப் பயந்து விளக்கைக் கூடுதல் நேரம் வைத்திருப்பீர்கள். காலையில் மேசை குளிர்ந்திருக்கும்போது எத்தனை விநாடி, பத்துச் சட்டை ஓடி மேசை சூடான பிறகு எத்தனை விநாடி என்று தனித்தனியாகக் குறித்து வையுங்கள். நாள் முழுக்க ஒரே விநாடி வைத்தால் மதியத்துக்கு மேல் அடித்ததெல்லாம் உரியும்.

---

குகைப் பட்டறை | ஞாயிறு, இரவு 8.55

உரிந்ததெல்லாம் மதியத்துக்கு மேல் அடித்தவைதான் அண்ணா.

---

செவ்வாய்ப்பேட்டை பழைய சட்டம் | ஞாயிறு, இரவு 9.10

மெஷ் என்ன போடுகிறீர்கள்?

---

குகைப் பட்டறை | ஞாயிறு, இரவு 9.15

சென்டிமீட்டருக்கு 77 இழை. கறுப்புக்கு வைத்திருந்த அதே ஸ்கிரீன்தான்.

---

செவ்வாய்ப்பேட்டை பழைய சட்டம் | ஞாயிறு, இரவு 9.30

அந்தச் சன்னக் கண் வழியாகக் கெட்டி வெள்ளையை நெரித்துத் தள்ளத்தான் இத்தனை பாடு. 43-க்கு மாறுங்கள். மெல்லிய கோடுகள் இருந்தால் 61 வரை போகலாம். சட்டத்தைத் துணியிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தூக்கி வையுங்கள். மையை டப்பாவிலேயே ஐந்து நிமிடம் கிண்டிவிட்டு எடுங்கள். கிண்டினால் இளகும், சும்மா விட்டால் திரும்ப இறுகும். பலமாக அழுத்தாமல் துணியின் மேல் உட்கார வையுங்கள், உள்ளே தேய்க்காதீர்கள். ஏழு வெள்ளையை 77-ல் சோதித்திருக்கிறீர்கள். முதல் மூன்றை 43-ல் இன்னொரு முறை அடித்துப் பாருங்கள், வரிசை மாறினாலும் மாறும்.

---

குகைப் பட்டறை | ஞாயிறு, இரவு 9.40

திரும்பவுமா ஐயா? சரி. கொடி இன்னும் மாடியில்தான் இருக்கிறது.

---

மூடுபனித் திரை | ஞாயிறு, இரவு 10.00

தம்பி, அந்தக் காதியும் ரப்பரும் மீதி இருந்தால் வீணாக்க வேண்டாம். மூடியை இறுக்கி, பிளாஸ்டிக் பையில் கட்டி, காலை ஏற்காடு பஸ்ஸில் கொடுத்தனுப்ப முடியுமா? டப்பாவை நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கிறது.